எனக்கென்று கட்டி வந்த மாலை

1

இன்றோடு நான் செத்து ஒரு வருடம் முடிகிறது. திண்டுக்கல் கணக்கில் சொல்கிறேன். ஹாம்பர்க் நகரத்தின் கணக்கில் நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன். குப்பைத் தொட்டிக்கும் வானொலிக்கும் கட்டணம் கேட்டு அவர்கள் அனுப்பும் கடிதங்கள் தவறாமல் வருகின்றன.

ஊரில் ஒருவனுக்கு முதல் வருடம் என்றால் வீடு நிறைய ஆள் வரும். இங்கே அரைநாள் விடுப்புகூடக் கிடையாது. காலையில் எழுந்து, மாத்திரை டப்பாவில் செவ்வாய்க்கிழமைக்கான மூடியைத் திறந்து, உள்ளே கிடந்த இரண்டையும் விழுங்கிவிட்டு வேலைக்குப் போனேன்.

நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தின் சமையல்கூடத்தில். உப்பு, உறைப்பு, வாசனை மூன்றும் இல்லாமல் சமைக்கத் தெரிந்த ஒரே திண்டுக்கல்காரன் நானாகத்தான் இருப்பேன். இந்தத் திறமை சும்மா வந்துவிடவில்லை. பல வருடப் பயிற்சி. அங்கே ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் அட்டை உண்டு. பெயர், அறை எண், சர்க்கரை சேர்க்கலாமா, மெல்லப் பல் இருக்கிறதா என்று எல்லாம் அதில் இருக்கும். யாராவது இறந்துபோனால் மறுநாள் காலையில் அந்த அட்டை இருக்காது. ஒரு தட்டு குறைத்துப் போட வேண்டும். எங்களுக்கு வரும் செய்தி அவ்வளவுதான். என்ன ஆயிற்று என்று விசாரித்தால் அது அடுத்தவர் அந்தரங்கம் என்பார்கள். அந்தரங்கத்துக்கு இங்கே இருக்கிற மரியாதை ஆளுக்குக் கிடையாது.

முன்பொரு முறை ஊருக்குப் போயிருந்தபோது இதை என் அண்ணன் தங்கராசுவிடம் வேடிக்கையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அப்ப நீ செத்தாலும் ஒரு அட்டையத்தான் எடுப்பாய்ங்களா?" என்றார்.

"நான் அங்க சமைக்கிறவன்ண்ணே. எனக்கு அட்டையே கிடையாது."

கெட்டிக்காரத்தனமாகப் பதில் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அண்ணன் அந்தப் பதிலைப் பத்திரமாக மனசுக்குள் பூட்டி வைத்துக்கொண்டார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பின்னால் அவர் வேறு ஒன்றையும் பூட்டி வைத்தார்.

2

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். நின்றவன் என்பதுகூடத் தப்பு; ஓடினவன். வெங்காயம் ஏற்றிப் போன லாரியில் கிளீனராக ஏறினேன். அப்புறம் தூத்துக்குடி, மும்பை, மஸ்கட்டில் ஒரு ஹோட்டலின் பின்கட்டு, ஒரு கப்பலின் சமையலறை, கடைசியில் ஹாம்பர்க். நடுவில் பட்டினி கிடந்தது உண்டு. ஒரு குளிர்காலத்தைப் பூங்கா பெஞ்சில் கழித்ததும் உண்டு. அதையெல்லாம் விரித்து எழுதினால் வீரக்கதை மாதிரி ஆகிவிடும். அப்படி ஒன்றும் இல்லை. குளிர்ந்தது, அவ்வளவுதான்.

அண்ணன் மகள் கல்யாணத்துக்காகத் தை மாதம் திண்டுக்கல் போனேன். இரண்டு மாதம் இருந்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. கல்யாணத்தன்றே வயிறு வலித்தது. பிரியாணி என்று நினைத்தேன். எங்கள் ஊரில் எந்த வயிற்று வலிக்கும் முதல் சந்தேகம் பிரியாணி மேல், இரண்டாவது சந்தேகம் கண்ணேறு மேல். இரண்டுக்கும் வைத்தியம் பார்த்து முடித்து, மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது குடல்வால் வெடித்து வயிறு முழுக்கச் சீழ் பரவியிருந்தது. அறுத்தார்கள். தையல் பழுத்தது. மறுபடியும் அறுத்தார்கள். நடுவில் சில நாட்கள் எனக்கு நினைவே இல்லை.

அந்த நாட்களில் டாக்டர் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, "சொல்ல வேண்டியவங்களுக்கெல்லாம் சொல்லி வச்சிருங்க" என்றாராம். அண்ணன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. ஒருத்தரை விடாமல் சொல்லிவிட்டார். நான் பிழைத்துக்கொண்ட செய்தியை மட்டும் யாரும் அதே சுறுசுறுப்போடு பரப்பவில்லை. நல்ல செய்திக்கு என்ன அவசரம்? அதனால் சொந்தபந்தம் முழுக்க, பாதி துக்கத்துக்குத் தயாராகி, மீதிக்குக் காத்திருந்தது.

3

ஆஸ்பத்திரியிலிருந்து என்னைக் கொண்டுவந்து இறக்கியது தாடிக்கொம்பு ரோட்டில் நான் கட்டிய வீட்டில். கீழே அண்ணனும் மதினி பஞ்சவர்ணமும் இருக்கிறார்கள். மாடி எனக்கு. ஒரு தடவைக்கு ஒரு மாதம்கூட நான் தங்கியிராத வீடு. ஆனாலும் பத்திரம் என் பெயரில் இருப்பதால் வருகிறவர்கள் எல்லாருக்கும் நான்தான் வீட்டுக்காரன். வருகிறவர்கள் என்றால் கொஞ்சநஞ்சமில்லை. நோயாளியைப் பார்க்கப் போகாமல் இருந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் அது பத்து வருடத்துக்குப் பேச்சாகும். வந்தவர்களைச் சாப்பிட வைக்காமல் அனுப்பிவிட்டால் இருபது வருடத்துக்கு. ஆக, வயிற்றைக் கிழித்துத் தைத்த ஒருவன் கட்டிலில் சாய்ந்துகொண்டு, "வாங்க, உக்காருங்க, சாப்டுட்டுத்தான் போகணும்" என்று நாளுக்கு இருபது தடவை சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு முதலில் திரும்பி வந்த பலம் அதைச் சொல்லும் பலம்தான்.

வருகிறவர்கள் ஆப்பிளும் சாத்துக்குடியும் பன்னும் கொண்டுவருவார்கள். மூன்றையும் நான் சாப்பிடக் கூடாது. பிறகு தையலைப் பார்க்க வேண்டும் என்பார்கள். சட்டையைத் தூக்கிக் காட்டுவேன். குனிந்து பார்ப்பார்கள். அதன் பிறகு அதே நோயில் செத்துப்போன ஒருவரின் கதையைத் தொடங்குவார்கள்.

"எங்க கொழுந்தியா மகனுக்கும் இதே கேசுதான்" என்றார் வேடசந்தூரிலிருந்து வந்த ஒரு பெரியவர். "நல்லா எந்திரிச்சு உக்காந்துட்டான். உன்னய மாதிரியே சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தான். மூணா நாளு..."

"மூணா நாளு?"

"அதெல்லாம் நீ எதுக்குக் கேட்டுக்கிட்டு? ஆப்பிளத் தின்னு அப்பு."

கீழே மதினி அடுப்பை அணைக்கவே இல்லை. கறிக்குழம்பு வாசனை மாடிப்படி ஏறி வரும். எனக்குக் கஞ்சியும் ஒரு துண்டு நார்த்தங்காயும் வரும். "எனக்கும் ஒரு கரண்டி குழம்பு ஊத்துனா என்ன மதினி?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"வந்தவுகளுக்கு நல்ல வெஞ்சனம் வைக்க வேணாமா? ஒங்களுக்குத்தேன் கஞ்சி இருக்குல்ல" என்றாள். நோயாளிக்கும் விருந்தாளிக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடச் சுருக்கமாக எந்த டாக்டரும் சொல்லவில்லை.

4

என்னிடம் இருப்பது அவ்வப்போது புதுப்பிக்க வேண்டிய தங்கும் உரிம அட்டை. நிரந்தர உரிமத்துக்கு மொழித் தேர்வு எழுத வேண்டும். மூன்று முறை எழுதினேன். 'உங்கள் நண்பரின் பிறந்தநாள் விழாவுக்கு வர முடியாததற்கு வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதுக' என்று ஒரு கேள்வி. என்னை யாரும் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டதில்லை என்று உண்மையை எழுதினேன். தோற்றுப்போனேன். இந்த அட்டைக்காரன் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வெளிநாட்டில் இருந்துவிட்டால் உரிமம் செத்துவிடும். அதற்குச் சங்கு ஊதக்கூட ஆள் வராது.

ஆடி பிறப்பதற்குள் நான் ஹாம்பர்க்கில் இருந்தாக வேண்டும். வேலை, அறை, மாத்திரை, இவற்றையெல்லாம் விட முக்கியமாக என் மகள் மலர், எல்லாம் அந்த அட்டைக்கு அந்தப் பக்கம் இருந்தன. நோயைக் காரணம் காட்டித் தவணை கேட்கலாம் என்று மலர் அங்கே அலுவலகத்துக்கு எழுதினாள். அவர்கள் நோயைச் சந்தேகிக்கவில்லை, முத்திரையைத்தான் சந்தேகித்தார்கள். ஆஸ்பத்திரிக் காகிதத்தை ஜெர்மனில் மொழிபெயர்க்கச் சொன்னார்கள். மொழிபெயர்த்தவருக்குச் சான்று கேட்டார்கள். கடைசியாக, விண்ணப்பதாரர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும் என்று கடிதம் வந்தது. வர முடியவில்லை என்று சொல்வதற்கு நேரில் வர வேண்டும்.

சரி, போய்விடலாம் என்று பாஸ்போர்ட்டைக் கேட்டேன். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று அதை அண்ணன் வாங்கிப் பீரோவில் வைத்திருந்தார்.

"பீரோச் சாவிய எங்கிட்டோ வச்சுட்டேன்டா முருகேசா. வயசாயிருச்சுல்ல."

"பூட்ட ஒடைக்கலாம்ண்ணே."

"கல்யாணச் சீரா வந்த பீரோவ ஒடைக்கிறதா? ஒங்க மதினி என்னைய ஒடைச்சிருவா."

அண்ணன் தினமும் வாசல் தொட்டியடியில் குளிப்பார். மாடியிலிருந்து பார்த்தால் அவர் இடுப்பில் அரைஞாண் கயிறு தெரியும். கயிற்றில் ஒரு சாவி தொங்கும். சோப்புப் போடும்போது அதைக் கவனமாக ஒதுக்கி வைத்துக்கொண்டு தேய்ப்பார். நான் பார்த்தேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். வருகிறவர்களிடம், "தம்பி இனிமே இங்கனதேன். நம்ம மண்ணுல கெடக்கட்டும்" என்று அவர் சொல்வது மாடி வரைக்கும் கேட்கும். கெடக்கட்டும் என்ற சொல்லை அவர் என்ன பொருளில் சொன்னார் என்று விளங்காமல் இல்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் கஞ்சி வேளைக்கு வந்தது. கால் பிடித்துவிட ஆள் இருந்தது. படுத்திருக்கிறவனுக்கு நாள் போவது தெரியாது.

5

ஆனி மாதம் மலர் வந்து இறங்கினாள். அவள் வருவாள் என்று நான் நினைக்கவில்லை. அவள் அம்மா ஜெர்மன்காரி. நாங்கள் பிரிந்து வருடங்கள் ஆகிவிட்டன. மலர் என்னோடு பேசுவது மாதத்துக்கு ஒரு முறை, அதிலும் பாதி கைபேசியில் கட்டைவிரல் படம். அப்படிப்பட்டவள் விண்ணப்பக் கட்டு ஒன்றும் பெட்டி போல மூடித் திறக்கும் ஒரு ரெக்கார்டு பிளேயரும், கம்பளிச் சட்டைகளுக்குள் சுருட்டிய ஐந்து இசைத்தட்டுகளுமாக ஆட்டோவிலிருந்து இறங்கினாள். தட்டுகள் என்னுடையவை. என் அறையைத் திறந்து எடுத்து வந்திருக்கிறாள்.

"அப்பா, நீங்கள் இதுகள் இல்லாமல் எப்பிடிச் சுகமாகிறது?" என்றாள்.

அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது ஹாம்பர்க்கில் ஈழத்துக்காரர்கள் சனிக்கிழமைதோறும் நடத்தும் பள்ளிக்கூடம். அதனால் திண்டுக்கல்காரன் மகள் யாழ்ப்பாணத்துத் தமிழ் பேசுவாள். மதினி அவளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஏங்க, ஒங்க தம்பி மக செவத்த புள்ளையா இருந்துக்கிட்டு சிலோன் பாச பேசுது" என்று அண்ணனிடம் அறிவித்தாள்.

மலர் நேராக அண்ணனிடமே போனாள். "பெரியப்பா, அப்பாவின்ட கடவுச்சீட்டை எங்க வைச்சிருக்கிறீங்கள்?"

"சீட்டா? நான் சீட்டெல்லாம் ஆடுறதில்ல தாயி" என்று சொல்லிவிட்டு அண்ணன் தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டார். அவருக்கு நன்றாகவே புரிந்திருந்தது.

இந்தத் தட்டுகள் என்னிடம் வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஹாம்பர்க்கில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, துறைமுகத்துக்குப் பக்கத்தில் தரைக்குக் கீழே இருந்த ஒரு மதுக்கடையில் பாத்திரம் கழுவுவது. வாரக்கடைசியில் நாலு பேர் வந்து ஜாஸ் வாசிப்பார்கள். முதலில் பிடிக்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் போகிறார்கள், சண்டை போட்டுக்கொண்டார்களோ என்று தோன்றியது. பிறகு ஒன்று கவனித்தேன். அங்கே யாரும் பாடுவதில்லை. பாட்டு இல்லையென்றால் வார்த்தை இல்லை. வார்த்தை இல்லையென்றால் எனக்குப் புரியவில்லை என்று யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஜெர்மன்காரனுக்கு என்ன புரிகிறதோ அதே அளவுதான் எனக்கும். அந்த நாட்டில் எனக்குச் சரிசமமாகக் கிடைத்த ஒரே சாமான் அது. பழைய சாமான் சந்தையில் தட்டு ஒன்றொன்றாகப் பொறுக்கினேன்.

மாடியில் பிளேயரை வைத்தோம். டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். ஜாஸில் பெரிய பாஸ் வாத்தியம் ஒன்று பின்னாலேயே வரும். அது ஊதாது, கத்தாது. நிதானமாக நடந்துகொண்டே இருக்கும். அதன் பின்னால் நான் மொட்டைமாடியில் நடந்தேன். முதல் நாள் பாதிப் பாட்டு. நாலாம் நாள் ஒரு பாட்டு முழுக்க. இரண்டாம் வாரம் தட்டின் ஒரு பக்கம் முடியும் வரை நடந்தேன். ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதாத மருந்து.

என்னோடு எட்டாம் வகுப்பு வரை படித்த செல்வம் மைக்செட் வாடகைக்கு விடுகிறவன். அவன் ஒரு நாள் வந்து உட்கார்ந்து கேட்டான். கொஞ்ச நேரம் பொறுத்தான்.

"என்னடா, மீசிக்கே போயிக்கிட்டு இருக்கு. பாட்டு எப்படா வரும்?"

"பாட்டு வராது செல்வம். இதான் பாட்டு."

"பாடுறவனுக்குக் கூலி குடுக்கலையோ?" என்றான் செல்வம். ஆனாலும் மறுநாளும் வந்தான்.

6

மின்சாரம் ஏறி இறங்கியதில் பிளேயரின் சின்ன ஒலிபெருக்கி கருகிப்போனது. செல்வத்துக்குக் கௌரவப் பிரச்சினையாகிவிட்டது. "நான் இருக்கும்போது ஒரு மிசினு ஊமையா இருக்குறதா?" என்று மறுநாள் காலையிலேயே ஆம்பிளிஃபயரைத் தூக்கிக்கொண்டு வந்தான். பாக்ஸ் எல்லாம் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தது. மிச்சம் இருந்தது பழைய குழாய் ஸ்பீக்கர் ஒன்று. அதை மாடிக் கைப்பிடிச் சுவரில் கட்டினான். தொழில்காரனின் கை தன் வழக்கப்படி குழாயின் வாயைத் தெருவைப் பார்த்துத் திருப்பிக் கட்டிவிட்டது.

எனக்குப் பிடித்த தட்டை எடுத்தேன். மெதுவான வாசிப்பு. முதலில் டிரம்மில் ஒரு தட்டு, நிறுத்தி இன்னொரு தட்டு. அதன் மேல் ஒற்றை டிரம்பெட், மூச்சு முட்டுகிற மாதிரி, இழுத்து இழுத்து. குழாய் வழியாக அது தாடிக்கொம்பு ரோடு முழுக்கப் பரவியது. நான் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன். கீழே பார்த்தேன். எதிர் டீக்கடையில் பேச்சு நின்றது. சைக்கிளில் போன ஒருவர் இறங்கிக்கொண்டார். இன்னொருவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். பூக்காரம்மா வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். நல்ல இசைக்கு மொழி தேவையில்லை என்று சொல்வது உண்மைதான், திண்டுக்கல் ஜாஸைப் புரிந்துகொண்டுவிட்டது என்று நினைத்தேன்.

திண்டுக்கல்லில் மெதுவான டிரம்பெட்டும் டிரம்மும் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் வாசிப்பார்கள் என்பது முப்பது வருடம் வெளியே இருந்தவனுக்கு மறந்துபோயிருந்தது. பேண்டு செட் முன்னால் போகும், தேர்ப்பாடை பின்னால் போகும். மைக்செட்டிலேயே பிறந்து வளர்ந்த செல்வத்துக்கும் அது உறைக்கவில்லை. குழாய் சுத்தமாகக் கேட்கிறதா என்பதில்தான் அவன் மூளை இருந்தது. 'மூணா நாளு' கதை தெரிந்த தெருவுக்கு மட்டும் உடனே புரிந்துவிட்டது. முருகேசன் போய்விட்டான்.

தட்டைத் திருப்பிப் போட்டேன். அந்தப் பக்கம் முடிவதற்குள் எங்கள் குடும்ப வாட்சப் குழுவில் கும்பிடு கைகள் குவிந்துவிட்டதாக மலர் வந்து சொன்னாள். "அப்பா, எல்லாரும் உங்களைக் கும்பிடுகினம். நீங்கள் என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் செய்ததாகத் தெரியவில்லை.

மூன்றாவது தட்டில் இருந்தபோது ஒரு வேன் வாசலில் வந்து நின்றது. நிலக்கோட்டையில் பூ வியாபாரம் செய்யும் என் தாய்மாமன் மகன் பாண்டி இறங்கினான். அவன் தோளில், இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய ரோஜா மாலை, நடுவில் சம்பங்கி வைத்துக் கட்டியது. "மாப்ளே... எங்கள விட்டுட்டுப் போயிட்டியே மாப்ளே..." என்று அழுதுகொண்டே மாடிப்படி ஏறி வந்தான். மொட்டைமாடியில் வயிற்றைத் திறந்து போட்டுக்கொண்டு டிரம்பெட்டுக்கு நடந்துகொண்டிருந்த என்னைப் பார்த்தான். மாலையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"ஏலே, நீ சாகலையா?"

"இல்ல மச்சான்."

"அப்ப யாருக்குடா பேண்டு?"

"அது ஜாஸு மச்சான்."

"எவனா இருந்தாலும் பாவம்தான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான் பாண்டி.

7

இப்போது பிரச்சினை மாலை. செத்தவனுக்கு என்று சொல்லிக் கட்டிய மாலையைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. வேறு யார் கழுத்திலும் போடக் கூடாது. சாமிக்குச் சாத்தவே கூடாது. வீட்டுக்குள் வைக்கவும் கூடாது. இதையெல்லாம் பாண்டியும் மதினியும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது மலர் குனிந்து மாலையை வருடினாள்.

"எவ்வளவு வடிவான மாலை. அப்பாவுக்குப் போடுவமா?"

"ஐயய்யோ!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினோம். மதினி அவள் கையைத் தட்டிவிட்டாள். பிறகு அந்தக் கையை அவளே பிடித்துக்கொண்டு தடவிக்கொடுத்தாள்.

அந்த நேரத்தில்தான் அண்ணன் வந்தார். தோட்டத்தில் வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவருக்கு யாரோ கைபேசியில், "தம்பி முடிஞ்சிருச்சாம்ல, வீட்ல பேண்டு வாசிக்கிது" என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் மொபெட்டில் தாடிக்கொம்பைத் தாண்டி அவ்வளவு தூரமும் அந்த நினைப்போடு வந்திருக்கிறார். கால் முழுக்கச் சேறு. மாடி ஏறி என்னைப் பார்த்தார். கிட்டத்தில் வந்து என் தோளைத் தொட்டார். கையை எடுத்துக்கொண்டார். பிறகு செல்வம் பக்கம் திரும்பினார்.

"ஏண்டா, ஒனக்குக் கொழாய் கட்ட வேற வீடு கெடைக்கலையா?"

"அண்ணே, பாக்ஸு காதுகுத்துக்குப் போயிருச்சுண்ணே..."

"பேசாத."

அண்ணன் சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் அந்த மாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்து அவர் அழுததில்லை. அன்றும் அழவில்லை. "நல்ல மாலையாத்தேன் கட்டியிருக்க" என்று பாண்டியிடம் சொன்னார். துண்டை உருவித் தலையில் கட்டிக்கொண்டு, மாலையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். மொபெட்டின் முன்பக்கம் அதைச் சுருட்டி வைத்துக்கொண்டு வந்த வழியே போனார். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊர்ச் சுடுகாடு அந்தப் பக்கம்தான், குடகனாற்றுக் கரையில். எங்கள் அப்பாவையும் அம்மாவையும் வைத்த இடம்.

திரும்பி வந்தவர் வீட்டுக்குள் நுழையவில்லை. வாசல் தொட்டியடியில் நின்று, கட்டிய வேட்டியோடு தலைக்குத் தண்ணீர் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டார்.

"என்னங்க, இந்நேரத்துல எதுக்குத் தலைக்கு ஊத்துறீக?" என்றாள் மதினி.

"அங்கிட்டுப் போயிட்டு வந்தா குளிக்கணும்ல."

ஈர வேட்டி தரையில் சொட்டச் சொட்ட உள்ளே போனார். இடுப்புக் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்தார். எங்கள் எல்லாருக்கும் முன்னால்தான். பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து மலர் கையில் கொடுத்தார்.

"இந்தா தாயி, நீ கேட்ட சீட்டு. ஒங்கப்பனுக்கு நான் செய்ய வேண்டியதச் செஞ்சுட்டேன். இனிமே அவன் எங்க இருந்தா என்ன. கூட்டிட்டுப் போ."

என்னிடம் திரும்பினார். "அங்க எவனாவது அட்டைய எடுத்தாய்ங்கன்னா எடுத்துட்டுப் போகட்டும்டா. நான் மாலையே போட்டுட்டு வந்துட்டேன்."

பத்து நாள் கழித்து மலரோடு மதுரையில் விமானம் ஏறினேன். அண்ணன் வழியனுப்ப வரவில்லை. வெங்காயத்துக்குத் தண்ணீர் முறை என்றார்.

8

ஆறு மாதம் முடிய நாலு நாள் இருந்தபோது ஹாம்பர்க்கில் இறங்கினேன். எல்லை அதிகாரி என் அட்டையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்து மேஜைக்காரரோடு கால்பந்து பேசிக்கொண்டே முத்திரை குத்தி நீட்டினார். எத்தனை மொழிபெயர்ப்பு, எத்தனை சான்று! கட்டு முழுவதையும் பையில் வைத்துக்கொண்டு நின்றேன். யாராவது கேட்டிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இன்று வேலை முடிந்து மதியம் இரண்டு மணிக்கு அறைக்கு வந்தேன். வருட நாள் ஆயிற்றே என்று அந்தத் தட்டைப் போட்டேன். ஜன்னலையும் திறந்துவைத்தேன். குழாய் ஸ்பீக்கர் இல்லையென்றாலும் சத்தம் தெருவுக்குக் கேட்கிற அளவுக்குத்தான் வைத்தேன். டிரம்பெட் மூச்சைப் பிடித்து ஊதியது. தெருவில் யாரும் நிற்கவில்லை. தொப்பி போட்டிருந்தவர்கள் தொப்பியோடு போனார்கள். மேல்வீட்டுக்காரி மட்டும் துடைப்பக்கட்டையால் தரையில் மூன்று தட்டுத் தட்டினாள். ஒன்றிலிருந்து மூன்று வரை இந்தக் கட்டடத்தில் அமைதி நேரம். இந்த ஊரில் எனக்குக் கிடைத்த துக்க விசாரணை அது ஒன்றுதான். சத்தத்தைக் குறைத்தேன்.

அப்போது அண்ணன் வீடியோவில் வந்தார். நெற்றி மட்டும்தான் தெரிந்தது.

"ஏலே, இன்னைக்கு ஒனக்கு வருசம் திரும்புதுடா. தெரியுமா?"

"தெரியும்ண்ணே. மதினி என்ன செஞ்சாக?"

"வடை, பாயாசம், கத்தரிக்காய் கூட்டு. செலவழிச்சுத்தேன் செஞ்சிருக்கா."

"காக்காய்க்கு வச்சீங்களா?"

"ஆளு இருக்கும்போது காக்காய்க்கு எப்பிடிடா வைக்கிறது? ஒன் பங்கையும் நானே தின்னுட்டேன்."

உள்ளேயிருந்து மதினி, "மாத்திர போட்டாரான்னு கேளுங்க" என்றாள். அண்ணன் அதைக் கேட்கவில்லை. நெற்றியைத் திரைக்கு இன்னும் கிட்டத்தில் கொண்டுவந்தார்.

"என்னமோ ஊதுற சத்தம் கேக்குது. அதுதானா?"

"அதேதான்."

"போனக் கிட்ட வையி."

வைத்தேன். டிரம்பெட் முடிந்து பாஸ் வாத்தியம் தனியாக நடந்துகொண்டிருந்தது. அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். செல்வம் கேட்டதையே அவரும் கேட்டார்.

"பாட்டு எப்படா வரும்?"

"வராதுண்ணே."

"சரி, வராட்டிப் போகுது" என்றார். "நிப்பாட்டாத. ஓடட்டும்."